திருட்டுப் பிரதிகளால் இத்தனை கோடி இழப்பு: அந்தக் கோடிகளை யார், எப்படி எண்ணினார்கள்?

கேள்வி: இணையத்தில் படங்களும் தொடர்களும் திருட்டுத்தனமாகப் பார்க்கப்படுவதால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,920 கோடி டாலர் இழப்பு என்று 2019இல் வெளியான ஓர் அறிக்கை சொல்கிறது. காசு கொடுக்காமல் பார்த்தவர் எவரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. அப்படியிருக்க, இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதை நம்பலாமா?

பதில்:

இழப்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த இழப்புக்கு நாம் செய்தியில் படிக்கும் எண்களில் பெரும்பாலானவை அளந்து பெற்றவை அல்ல. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் நம்புகிறார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் திருட்டுப் பிரதியால் யாருக்கும் நட்டமில்லை என்று முடித்துவிடுகிறார்கள். இந்தத் துறை ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், இரண்டுமே தவறு என்பதை எனக்குத் தெரிந்த கணக்குகளைக் கொண்டு காட்டப் பார்க்கிறேன்.

முதலில், எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். ஒரு கிடங்கிலிருந்து நூறு பெட்டிகள் களவு போனால் இருப்பைச் சரிபார்த்தாலே தெரிந்துவிடும். நூறு குறைந்திருக்கும், அவற்றை வாங்கிய விலை ஏட்டில் இருக்கும். ஒரு படத்தை நூறு பேர் நகலெடுத்தால் இருப்பில் எதுவும் குறைவதில்லை. இங்கே இழப்பு என்பது, அந்த நகல்கள் இல்லாதிருந்தால் விற்றிருக்கக்கூடிய தொகைக்கும் உண்மையில் விற்ற தொகைக்கும் உள்ள வித்தியாசம். விற்ற தொகை கணக்கில் இருக்கிறது. விற்றிருக்கக்கூடிய தொகை நடக்காத ஓர் உலகத்தைச் சேர்ந்தது. அந்த உலகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆகவே இந்த வகை எண் எதுவானாலும் அதற்குள் ஒரு கற்பனை இருந்தே தீரும். கற்பனை இருப்பது குற்றமில்லை, பொருளாதார ஆய்வில் பாதி இப்படித்தான் நடக்கிறது. அந்தக் கற்பனை எது என்பதை வெளியே சொல்லியிருக்கிறார்களா, சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மிக எளிய கற்பனை இது: ஒவ்வொரு திருட்டுப் பிரதியும் தவறிப்போன ஒரு விற்பனை. பிரதிகளின் எண்ணிக்கையை முழு விலையால் பெருக்கினால் இழப்பு வந்துவிடும். இதில் என்ன கோளாறு என்று ஒரு மாதிரிக் கணக்கில் பாருங்கள். 100 ரூபாய் விலையுள்ள ஒரு படத்தை 1,000 பேர் இலவசமாக எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,00,000 ரூபாய் இழப்பு. இப்போது அந்த ஆயிரம் பேருக்கும் இலவசப் பிரதி கிடைக்காமலே போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? 150 பேர் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். 250 பேர் விலை பாதியாகும் வரை காத்திருந்து வாங்கியிருக்கலாம். மீதி 600 பேர் அந்தப் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் விற்பனையில் இழப்பு 15,000 கூட்டல் 12,500, ஆக 27,500 ரூபாய். முதல் கணக்கில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். அந்த 27,500லும் விற்பவரின் பங்கு, விநியோகச் செலவு, வரி எல்லாம் கழிந்த பிறகுதான் படம் எடுத்தவர் கைக்குப் பணம் வரும். நான் போட்ட இந்த எண்கள் வெறும் உதாரணம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: விடையைத் தீர்மானித்தது ஆயிரம் என்ற எண்ணிக்கையும் அல்ல, நூறு என்ற விலையும் அல்ல, எத்தனை பேர் காசு கொடுத்திருப்பார்கள் என்ற ஒற்றை விகிதம். ஆய்வாளர்கள் இதைப் பதிலீட்டு விகிதம் என்பார்கள். அது 1 என்றால் ஒவ்வொரு பிரதியும் ஒரு விற்பனையைக் கொல்கிறது. 0 என்றால் எதையும் கொல்லவில்லை. எதிர்மறையாகவும் இருக்கலாம், அதாவது இலவசமாகப் பார்த்தவர் பிடித்துப்போய்ப் பிறகு காசு கொடுத்து வாங்குகிறார் என்று பொருள்.

பிரதிகளின் எண்ணிக்கையே கூட உறுதியானதல்ல. ஒருவரே மூன்று முறை தரவிறக்குவார், பாதியில் நிறுத்துவார், சேமித்து வைத்துப் பார்க்காமலே விடுவார். ஒரே பிரதியை ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. பிழை இரண்டு பக்கமும் போகிறது.

எண்ணிக்கை எப்படி ஊதிப்போகும் என்பதற்கு பிரிட்டனில் 2009இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாட்டில் 70 லட்சம் பேர் சட்டவிரோதமாகக் கோப்புகளைப் பகிர்கிறார்கள் என்று ஒரு செய்தி பரவியது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழுவின் அறிக்கை அதைச் சொன்னதால் அரசே சொன்னது போல ஆகிவிட்டது. பிபிசி வானொலியின் புள்ளிவிவர நிகழ்ச்சி ஒன்று அதன் வேரைத் தேடிப் போனது. அந்த எண் இசைத்தொழில் சங்கம் காசு கொடுத்துச் செய்வித்த ஒரு கருத்துக்கணிப்பிலிருந்து வந்திருந்தது. இணைய இணைப்புள்ள 1,176 வீடுகளில் கேட்டார்கள். 11.6 சதவீதம் பேர், அதாவது 136 பேர், ஆம் என்றார்கள். மக்கள் உண்மையை மறைப்பார்கள் என்று கருதி அந்த 11.6ஐ 16.3 ஆக உயர்த்தினார்கள். பிறகு நாட்டில் 4 கோடிப் பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் எண்ணோ 3.39 கோடி. இப்படி வந்த 67 லட்சம், 70 லட்சமாக முழுமையாக்கப்பட்டது. அலுவலகத்தின் எண்ணை மட்டும் பயன்படுத்தியிருந்தால் விடை 56 லட்சம். சதவீதத்தையும் உயர்த்தாமல் விட்டிருந்தால் 39 லட்சம். யாரும் பொய் சொல்லவில்லை. மறைப்பவர்கள் இருப்பார்கள் என்ற ஊகம்கூட நியாயமானதுதான். ஆனால் வழியில் எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒரே திசையில், மேல்நோக்கியே, சாய்ந்தது. இந்தத் துறையின் எண்களை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தச் சாய்வைத்தான்.

அதே அறிக்கையை ஒட்டி இன்னொரு எண்ணும் வெளிவந்தது: ஆண்டுக்கு 473 கோடிக் கோப்புகள், மதிப்பு 12,000 கோடி பவுண்டு. பிறகு அது பத்து மடங்கு பிழை என்று தெரிந்து 47.3 கோடிக் கோப்புகள், 1,200 கோடி பவுண்டு என்று திருத்தினார்கள். திருத்திய எண்ணை வகுத்துப் பாருங்கள், கோப்பு ஒன்றுக்குச் சுமார் 25 பவுண்டு வருகிறது. பாட்டு, படம், மென்பொருள், மின்னூல் எதுவாக இருந்தாலும் சராசரி 25 பவுண்டு. ஒற்றைப் பாட்டு ஒரு பவுண்டுக்கும் குறைவாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட எனக்கு வருத்தம் தருவது, ஏனென்றால் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2005ஆம் ஆண்டில் தங்கள் உறுப்பினர்களுக்குத் திருட்டுப் பிரதிகளால் 610 கோடி டாலர் இழப்பு என்று பெரிய ஸ்டுடியோக்களின் சங்கமான எம்.பி.ஏ.ஏ., எல்.இ.கே. என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வைக் காட்டிச் சொன்னது. உள்நாட்டு இழப்பில் 44 சதவீதத்துக்குக் கல்லூரி மாணவர்களே காரணம் என்றும் அதில் இருந்தது. கல்லூரிகள் தங்கள் இணைய வலையைக் கண்காணிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாட அந்த 44 பயன்பட்டது. 2008 ஜனவரியில் சங்கமே ஒப்புக்கொண்டது: மனிதப் பிழை நேர்ந்துவிட்டது, சரியான எண் சுமார் 15 சதவீதம். அந்த 15லும் பெரும்பாலான மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பில் இருப்பவர்கள். கல்லூரி வலையில் நடப்பது அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே என்று பல்கலைக்கழகங்களின் தரப்பு சுட்டிக்காட்டியது. ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய உயர்கல்விச் சட்டத்தில் கோப்புப் பகிர்வைத் தடுக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற கடமை கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது. எண் திருத்தப்பட்டது. அது கிளப்பிவிட்ட வேகம் நிற்கவில்லை.

அந்த ஆய்வின் முழு வழிமுறை வெளியிடப்பட்டிருந்தால் வெளியாள் ஒருவர் அந்தப் பிழையை முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். அது வெளியிடப்படவில்லை.

அரசு நிறுவனங்கள் சொல்லும் எண்களாவது திடமானவையா? 2008இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. இதை ஆராய்ந்து 2010 ஏப்ரலில் அறிக்கை தந்தது. அன்று எல்லோர் வாயிலும் இருந்த மூன்று எண்களை அது எடுத்துக்கொண்டது. போலிப் பொருட்களாலும் திருட்டுப் பிரதிகளாலும் ஆண்டுக்கு 20,000 முதல் 25,000 கோடி டாலர் இழப்பு என்று எஃப்.பி.ஐ. சொன்னது ஒன்று. 20,000 கோடி டாலரும் 7,50,000 வேலைகளும் போகின்றன என்று சுங்கத் துறை சொன்னது இன்னொன்று. வாகன உதிரிபாகத் தொழிலுக்கு 300 கோடி டாலர் இழப்பு என்று வர்த்தக ஆணையத்தின் பெயரில் உலவியது மூன்றாவது. மூன்றுக்கும் அடிப்படைத் தரவையோ வழிமுறையையோ கண்டுபிடிக்க முடியவில்லை என்று தணிக்கை அமைப்பு எழுதியது. தங்கள் எண் எப்படி வந்தது என்பதற்கு எஃப்.பி.ஐ.யிடமே பதிவு இல்லை.

அந்த 7,50,000 எங்கே பிறந்தது என்பதை ஜூலியன் சான்செஸ் என்ற செய்தியாளர் 2008இல் தேடிப் பார்த்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் 1986. அப்போதைய வணிகத் துறைச் செயலர் மால்கம் பால்ட்ரிஜ், 1,30,000 முதல் 7,50,000 வரை வேலைகள் போயிருக்கலாம் என்று ஓர் உத்தேசம் சொல்லியிருந்தார். கீழ் எல்லை உதிர்ந்துவிட்டது, மேல் எல்லை தங்கிவிட்டது. 20,000 கோடி டாலரோ 1993இல் ஒரு வணிக இதழ் போகிறபோக்கில் எழுதியது. அதுவும் உலகம் முழுவதும் நடக்கும் போலி வணிகத்தின் அளவைப் பற்றியது, அமெரிக்காவின் இழப்பைப் பற்றியது அல்ல. இணையத் திருட்டுப் பிரதி என்ற பேச்சே எழாத காலத்து எண்களை வைத்து இணையச் சட்டங்களைப் பற்றி வாதாடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அடுத்தது பெருக்கிகள். 2007இல் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காக ஸ்டீபன் சிவெக் எழுதிய அறிக்கை, திருட்டுப் பிரதிகளால் அமெரிக்கா ஆண்டுக்கு 5,800 கோடி டாலரும் 3,73,375 வேலைகளும் இழப்பதாகச் சொன்னது. கடைசி இலக்கம் வரை துல்லியமான அந்த வேலை எண்ணிக்கையைக் கவனியுங்கள். வழிமுறை இதுதான்: தொழில்துறையின் நேரடி இழப்பை முதலில் மதிப்பிட வேண்டும். பிறகு அந்தப் பணம் வந்திருந்தால் அதைச் சார்ந்த மற்ற தொழில்களுக்கும் போயிருக்கும் என்று ஒரு பெருக்கியால் பெருக்க வேண்டும். தனித் தொழில் ஒன்று வளர்ந்தால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க அந்தப் பெருக்கி உதவும். இங்கே அது பொருந்தாததற்குக் காரணம் எளிது. படத்துக்குக் காசு கொடுக்காதவர் அந்தக் காசை எரித்துவிடுவதில்லை. வேறொன்றுக்குச் செலவிடுகிறார், அல்லது சேமிக்கிறார். அந்த வேறொன்றை விற்பவருக்கும் ஊழியர்கள் உண்டு, அங்கேயும் அதே பெருக்கி வேலை செய்யும். படத்தொழிலுக்கு இழப்பு என்பது சரி. நாட்டுப் பொருளாதாரத்துக்கே அத்தனையும் இழப்பு என்றால் எதிர்ப்பக்கத்து வரவைக் கழிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

ஐரோப்பாவில் 2010இல் தேரா என்ற ஆலோசனை நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. இணையப் போக்குவரத்து எந்த வேகத்தில் கூடுமோ அதற்கு ஈடாகத் திருட்டும் கூடும் என்று ஒரு கோடு போட்டு, 2015க்குள் மொத்தம் 24,000 கோடி யூரோவும் 12 லட்சம் வேலைகளும் போகக்கூடும் என்றது. இணையப் போக்குவரத்து கூடியதற்குப் பெரிய காரணம் மக்கள் காசு கொடுத்தோ விளம்பரத்தோடோ சட்டப்படி காணொளி பார்க்கத் தொடங்கியது. அந்தக் கோட்டைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

இனி நேர்மையாக அளக்க முயன்றவர்களிடம் வருகிறேன். இங்கேதான் விஷயம் கடினமாகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஆட்களிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால் ஒரு சிக்கல் வருகிறது. அதிகம் திருட்டுப் பிரதி பார்ப்பவர்களே அதிகம் காசு கொடுத்தும் பார்க்கிறார்கள் என்று பல கணிப்புகளில் வரும். உடனே சிலர், பார்த்தீர்களா, திருட்டு விற்பனையை வளர்க்கிறது என்பார்கள். அப்படி இல்லை. இசைமேல் பைத்தியமாக இருப்பவர் எல்லா வழியிலும் இசையைத் தேடுவார். ஆர்வம் என்ற ஒன்றே இரண்டையும் கூட்டுகிறது. இலவசப் பிரதி இல்லாவிட்டால் அதே ஆள் இன்னும் அதிகம் வாங்கியிருப்பாரா என்பதற்கு அந்தக் கணிப்பில் பதில் இல்லை. படங்களை ஒப்பிட்டாலும் இதே கதைதான்: அதிகம் திருடப்படும் படமே அதிகம் வசூலித்த படமாகவும் இருக்கும். காரணம் அதன் புகழ்.

ஆகவே ஆர்வத்தைத் தொடாமல் திருட்டின் வசதியை மட்டும் கூட்டியோ குறைத்தோ விடும் ஒரு வெளிக்காரணம் வேண்டும். ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரு பொருளியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 2002இன் கடைசி 17 வாரங்கள், 680 இசைத்தொகுப்புகள். அன்று அமெரிக்கர்கள் எடுத்த கோப்புகளில் கணிசமானவை ஜெர்மன் பயனர்களின் கணினிகளிலிருந்து வந்தன. ஜெர்மனியில் பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், கணினிகள் இணைப்பில் இருக்கும், அமெரிக்காவில் தரவிறக்கம் எளிதாகும். ஜெர்மன் பள்ளி விடுமுறைக்கும் அமெரிக்கரின் இசை ஆர்வத்துக்கும் தொடர்பில்லை. விடுமுறை நாட்களில் அமெரிக்க விற்பனை விழுந்ததா? பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்லும்படியான வீழ்ச்சி இல்லை என்பது அவர்கள் முடிவு. ஸ்டான் லீபோவிட்ஸ் போன்ற பொருளியலாளர்கள் அந்தத் தரவையும் வழிமுறையையும் கடுமையாக விமர்சித்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. வாரத்துக்கு வாரம் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்க்கும் வழி, ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் சரிவைத் தவறவிடலாம் என்பது என் தயக்கம்.

ராஃபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் தொகுப்பு தொகுப்பாக விசாரித்து வேறு விடைக்கு வந்தார்கள். தரவிறக்கிய ஐந்து இசைத்தொகுப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வாங்குவது குறைகிறது, அதாவது விகிதம் சுமார் 0.2. தரவிறக்கிய தொகுப்புகளை மாணவர்கள் காசு கொடுத்து வாங்கியவற்றைவிடக் குறைவாகவே மதித்தார்கள் என்பதையும் காட்டினார்கள். அந்தக் காலத்து வெற்றித் தொகுப்புகளுக்கு ஒரு மாணவர் செலவிட்டது சுமார் 25 டாலர் குறைந்தது. அவர்கள் பெற்ற பயனோ 70 டாலர் அளவுக்குக் கூடியது. அதே இருவர் திரைப்படத்துக்கு இதே ஆய்வைச் செய்தபோது விகிதம் ஏறத்தாழ 1 வந்தது. ஒரு படத்தைக் காசில்லாமல் முதல் முறை பார்த்தால் காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்று குறைகிறது. காரணம் விளங்கக்கூடியதே: பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்போம், படத்தைப் பெரும்பாலும் ஒரு முறைதான் பார்ப்போம். இசையில் கிடைத்த விகிதத்தைப் படத்துக்கோ, படத்தில் கிடைத்ததை விளையாட்டுக்கோ எடுத்துப்போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

படங்களில் எப்போது கசிகிறது என்பதும் முக்கியம். வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் கசிந்த படங்களின் வசூல், வெளியான பிறகு கசிந்தவற்றோடு ஒப்பிட்டால் சராசரியாக 19.1 சதவீதம் குறைகிறது என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் கணக்கிட்டார்கள். டானஹர் என்ற பொருளியலாளரும் வால்ட்ஃபோகலும் கண்டது வேறு வகை. அமெரிக்காவில் வெளியாகிப் பிற நாடுகளுக்குத் தாமதமாகப் போகும் படங்கள், அந்த இடைவெளியில் நடக்கும் திருட்டால் வெளிநாட்டு வசூலில் குறைந்தது 7 சதவீதம் இழந்தன. அமெரிக்காவுக்குள் அப்படி ஒரு பாதிப்பு அவர்கள் தரவில் தெரியவில்லை. இழப்பில் ஒரு பங்கு தாமதத்தால் வந்தது என்பதுதான் இதன் பொருள். தாமதத்தைக் குறைப்பது படக்காரர்கள் கையில் இருந்தது, பிறகு குறைத்தும் விட்டார்கள்.

தடையால் விற்பனை கூடுகிறதா என்று பார்த்தவர்களும் உண்டு. திருட்டுப் பிரதிகள் பெருமளவில் பகிரப்பட்ட மெகா அப்லோடு என்ற கோப்புச் சேமிப்புத் தளம் 2012 ஜனவரியில் மூடப்பட்ட பிறகு, படங்களின் சட்டபூர்வ எண்ணிம (டிஜிட்டல்) விற்பனையும் வாடகையும் 6.5 முதல் 8.5 சதவீதம் கூடின என்பது ஓர் ஆய்வு. அதே மூடலுக்குப் பிறகு திரையரங்கு வசூலைப் பார்த்த இன்னோர் ஆய்வில், பரவலாக வெளியான பெரிய படங்கள் லாபம் கண்டன, சிறிய நடுத்தரப் படங்களோ சற்று இழந்தன. சிறிய படத்துக்கு விளம்பரப் பணம் கிடையாது, ஒருவர் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் சொல்வதே அதன் விளம்பரம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தொழில்துறை முழுவதற்கும் ஒரே எண் என்று போட்டால் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். கடன் வாங்கி முதல் படம் எடுத்தவரும் பெரிய ஸ்டுடியோவும் ஒரே சராசரிக்குள் அடைபட்டுப் போவார்கள்.

ஐரோப்பிய ஆணையத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. 3,60,000 யூரோ செலவில் எக்கோரிஸ் என்ற நிறுவனத்திடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார்கள். ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ், போலந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பேரிடம் கேட்டு, 300 பக்கங்களுக்கு மேல் அறிக்கை 2015 மே மாதம் தயாரானது. அண்மையில் வெளியான பெரிய படங்களைப் பொறுத்தவரை தெளிவான பாதிப்பு இருந்தது, திருட்டுத்தனமாகப் பார்த்த பத்துக்கு நான்கு சட்டபூர்வப் பார்வை குறைந்தது. இசை, நூல், விளையாட்டு போன்றவற்றில் திருட்டு விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை. விளையாட்டுகளில் விற்பனை கூடியதற்கான அறிகுறிகூட இருந்தது. அறிக்கை வெளியே வரவில்லை. 2016இல் ஆணையத்தின் பொருளியலாளர்கள் இருவர் எழுதிய கட்டுரையில் படம் பற்றிய பகுதி மட்டும் வந்தது, திருட்டால் பட விற்பனை சுமார் 4.4 சதவீதம் குறைகிறது என்று. முழு அறிக்கையை 2017 செப்டம்பரில் உலகம் பார்த்தது, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியா ரேடா தகவல் உரிமையின் கீழ்க் கேட்டு வாங்கிய பிறகு. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு, பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் விவாதத்தில் இருந்த ஆண்டுகளில் முழுதாக வெளிவராமல் இருந்தது.

அப்போது இணையத்தில் பலர் இதைத் தவறாக வாசித்ததையும் சொல்ல வேண்டும். திருட்டால் பாதிப்பில்லை என்று ஐரோப்பாவே நிரூபித்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. பாதிப்புக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதும், பாதிப்பே இல்லை என்பதற்குச் சான்று கிடைத்தது என்பதும் வேறு வேறு. அந்த ஆய்வின் பிழை வரம்புகள் மிக அகலமானவை, கணிசமான பாதிப்பு ஒன்று அவற்றுக்குள் ஒளிந்திருக்க இடமுண்டு.

பாதிப்பில்லை என்ற பக்கம் சாய்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய தரவு நிறைய இருக்கிறது. இசைக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் தொடங்கிய 1999இல் அமெரிக்கப் பதிவிசைத் தொழிலின் வருவாய் சுமார் 1,460 கோடி டாலர். பதினைந்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியானது. குறுந்தட்டிலிருந்து ஒற்றைப் பாட்டு விற்பனைக்கு மாறியது, விளையாட்டும் செல்பேசியும் நேரத்தைப் பங்கு போட்டது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சரிவில் திருட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பிரான்சில் திருட்டுத்தனமாகக் கோப்புப் பகிர்பவர்களை எச்சரித்துத் தண்டிக்கும் ஹடோபி சட்டம் பற்றிய பேச்சு பரவிய காலத்தில், ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐடியூன்சில் பாட்டு விற்பனை, பிற நாடுகளோடு ஒப்பிடும்போது, 22.5 சதவீதம் கூடியது. ஆய்வுகளை மொத்தமாக எடுத்தால் பெரும்பான்மை ஏதோ ஓர் அளவு பாதிப்பைக் காண்கிறது.

நீண்டகாலத்தில் படைப்பே குறைகிறதா என்ற கேள்வி இதைவிட ஆழமானது. அதற்கும் ஒற்றை விடை இல்லை. நாப்ஸ்டருக்குப் பிறகு புதிய இசையின் தரம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று வால்ட்ஃபோகல் காட்டினார். பதிவு செய்யவும் விநியோகிக்கவும் ஆகும் செலவும் அதே காலத்தில் சரிந்துவிட்டதால் வருவாய் குறைந்தும் படைப்பு நின்றுவிடவில்லை. அதே வால்ட்ஃபோகல், ராகுல் தெலங்குடன் சேர்ந்து 1985 முதல் 2000 வரையிலான இந்தித் திரையுலகை ஆராய்ந்தபோது, வீடியோ கேசட், கேபிள் வழியே திருட்டுப் பிரதிகள் பரவியதால் வருவாய் கடுமையாக விழுந்து, எடுக்கப்பட்ட படங்களும் குறைந்தன, தரமும் இறங்கியது என்று கண்டார். படம் எடுக்கும் செலவு அன்று அப்படிச் சரியவில்லை. வராமல் போன அந்தப் படங்கள் எந்த இழப்புக் கணக்கிலும் ஏறுவதில்லை. பிரதிகளை விலையால் பெருக்கும் கணக்கு ஒரு பக்கம் ஊதிப் பெருக்கும்போது, உண்மையிலேயே வலிக்கும் இந்த இழப்பை எண்ணாமலே விட்டுவிடுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட 2,920 கோடி டாலருக்கு வருகிறேன். அமெரிக்க வர்த்தக சபையின் ஒரு பிரிவு, நேரா என்ற பொருளாதார ஆலோசனை நிறுவனத்தோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கை அது. அமெரிக்கப் படங்கள் ஆண்டுக்கு 2,660 கோடி முறையும் தொடர்களின் பகுதிகள் 12,670 கோடி முறையும் திருட்டுத்தனமாகப் பார்க்கப்படுகின்றன என்கிறது. இரண்டையும் கூட்டினால் 15,330 கோடிப் பார்வைகள். 2,920 கோடி டாலரை அதனால் வகுத்தால் ஒரு பார்வைக்கு சுமார் 19 சென்ட் வருகிறது. ஆக இது முழு விலையால் பெருக்கிய பழைய கணக்கு அல்ல. முந்தைய ஆய்வுகளில் கிடைத்த பதிலீட்டு விகிதங்களை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வகையில் 2005இன் கணக்குகளைவிட இது எவ்வளவோ முன்னேற்றம், பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அறிக்கையில் இருப்பது ஒரு எண் அல்ல, ஓர் இடைவெளி: 2,920 கோடி முதல் 7,100 கோடி டாலர் வரை. வேலைகள் 2,30,000 முதல் 5,60,000 வரை. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே பார்வைகள், அதே படங்கள், மாறியது விகிதம் மட்டும்தான். ஒரு பார்வையின் இழப்பு 19 சென்ட்டிலிருந்து 46 சென்ட்டுக்குப் போய்விடுகிறது. செய்தியில் வரும் ‘குறைந்தது’ என்ற சொல், இதற்குக் கீழே உண்மை போகவே முடியாது என்ற தொனியில் ஒலிக்கிறது. உண்மையில் அது எடுத்துக்கொண்ட விகிதங்களில் சிறியதைப் போட்டால் வரும் விடை, அவ்வளவே. அந்த விகிதங்கள் வேறு காலத்தில், வேறு நாடுகளில், பெரும்பாலும் படங்களைப் பற்றிய ஆய்வுகளில் கிடைத்தவை. கணக்கிலுள்ள பார்வைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தொடர்களின் பகுதிகள். மாதச் சந்தாவில் பார்க்கும் ஒரு தொடரின் ஒரு பகுதியை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்த்தால் இழந்தது எவ்வளவு? அவர் சந்தாவே கட்டாமல் விட்டாரா, ஏற்கெனவே மூன்று தளங்களுக்குக் கட்டிவிட்டு நான்காவதை மட்டும் விட்டாரா, அவர் நாட்டில் அந்தத் தொடர் விற்பனைக்கே வரவில்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்த மூன்றாம் வகையினரிடம் இழப்பு பூஜ்யம், முதல் வகையினரிடம் ஒரு மாதச் சந்தா முழுவதும். எந்த வகையினர் எத்தனை பேர் என்று நாடுவாரியாக அளந்து வெளியிட்டால் அந்த இடைவெளி சுருங்கும்.

அதுவரை அந்த எண்ணை எங்காவது பயன்படுத்த நேர்ந்தால் இரண்டு எல்லைகளையும் சேர்த்தே எழுதுங்கள், அது தொழில்துறையின் வருவாயா நாட்டின் உற்பத்தியா என்பதையும் குறிப்பிடுங்கள். அதே அறிக்கையில் உற்பத்தி இழப்புக்கு 4,750 கோடி முதல் 11,530 கோடி டாலர் என்று தனி எண் இருக்கிறது. மேலே சொன்ன பெருக்கிகளின் சிக்கல் அந்த இரண்டாவது எண்ணுக்கும் உண்டு.